வெண்ணந்தூர் வண்டியின் ஸ்டீயரிங் ஹோஸ்

போன மாதம் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து போன் வந்தது. பேசியது செந்தில். பத்து வருடம் என்னோடு வேலை செய்தவன், கை சுத்தமான மெக்கானிக்.

"அண்ணா, ஒரு பழைய வண்டி வந்திருக்குதுங்க. ஆயில்ல ஓடற பவர் ஸ்டீயரிங். ஹோஸ் மாத்தோணும். இப்ப வர்றது பூராம் கரண்ட் ஸ்டீயரிங்தானுங்களே, எங்களுக்கு இதுல கை வெச்சே நாளாச்சு. ஒருக்கா வரிசையாச் சொல்லுங்களே."

சொன்னேன். பழைய எண்ணெயை உறிஞ்சுவதில் தொடங்கி கடைசிச் சோதனை வரைக்கும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஒரு ஹோஸுக்கு இத்தனை பாடுங்களா?"

"செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முப்பத்தேழு வருடத்தில் எத்தனையோ இன்ஜினை இறக்கி ஏற்றியிருக்கிறேன். கியர் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, கடைசியில் ஒரு வளையம் மிஞ்சி, இரவெல்லாம் தூக்கம் வராமல் கிடந்ததும் உண்டு. ஆனால் எந்த வேலை என்னை மிகவும் பயப்படுத்தியது என்று கேட்டால், இந்த ஹோஸ்தான். ஏன் என்பதைச் செந்திலுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். சங்ககிரியில் மூன்று வருடம் லாரிப் பட்டறையில் கிரீஸோடு கிடந்தேன். லாரி வேலை உடம்பைக் கேட்டது. முதுகு பிடித்துக்கொண்டதும் ராசிபுரத்தில் இந்தக் கார் பட்டறைக்கு மாறினேன். ஓய்வு பெறும் வரை வேறு இடம் போகவில்லை. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஃபோர்மேனைப் பற்றி. பெயர் சின்னராஜு. மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். யாரையும் திட்ட மாட்டார். வயதில் சிறியவனாக இருந்தாலும் "ங்க" போடாமல் பேச மாட்டார். அவர் திட்டினால் தேவலை என்று நாங்கள் பல நாள் நினைத்திருக்கிறோம். வேலை முடிந்தது என்று போய்ச் சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்ணுல பார்த்தீங்களா, இல்லைனா சரியாத்தான் இருக்கும்னு நெனைக்கறீங்களா?"

நான் சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக்குப் பிரேக் போட்டேன். கேள்வி வந்தது. "சரியாத்தாங்க இருக்கும்" என்றேன். வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் ஓடிப் போய் அதை நிறுத்தி, வண்டிக்காரரிடம் கை கூப்பி, உள்ளே கொண்டுவந்து நாலு சக்கரத்தையும் கழற்றினார். எல்லாம் சரியாகவே இருந்தது. "நல்லாத்தான் போட்டிருக்கறீங்க. இப்ப நானும் பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவரே சக்கரங்களை மாட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு "பார்த்தேனுங்க" என்று சொல்லாமல் நான் ஒரு வண்டியையும் விட்டதில்லை. சொன்னதெல்லாம் உண்மையா என்பதுதான் இந்தக் கதை.

பவர் ஸ்டீயரிங் ஹோஸைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பழைய வண்டிகளில் இன்ஜினோடு சேர்ந்து ஒரு சின்னப் பம்ப் ஓடும். அது எண்ணெயை அழுத்திக் கீழே ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்பும். அந்த அழுத்தம்தான் சக்கரத்தைத் திருப்ப நமக்குக் கை கொடுக்கிறது. பம்புக்கும் பெட்டிக்கும் நடுவே போகிற கறுப்பு ரப்பர்க் குழாய்தான் ஹோஸ். அதன் இரண்டு முனையிலும் ஓர் இரும்புக் குப்பியை மாட்டி, மெஷினில் வைத்து நசுக்கி இறுக்கியிருப்பார்கள். வண்டி நேராக ஓடும்போது ஹோஸுக்குள் அழுத்தம் குறைவு. நின்ற இடத்தில், அல்லது மெதுவாக உருட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்துப் பிடித்தால் அழுத்தம் உச்சிக்குப் போகும். அதை நாங்கள் ஃபுல் லாக் என்போம். ஹோஸ் பிய்ந்தால் பெரும்பாலும் அப்போதுதான் பிய்யும். பக்கத்திலேயே புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் அதன் மேல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ஃபோர்மேன் கடைசிச் சோதனையில் பிடிவாதமாக இருப்பார். புது ஹோஸ் மாட்டி, எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களைத் தரையை விட்டுத் தூக்கி, இன்ஜின் ஓடாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது தடவை சுற்ற வேண்டும். காற்றுக் குமிழி நின்ற பிறகுதான் இன்ஜினை ஓட விடலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஃபுல் லாக்கில் ஐந்து எண்ணும் வரை பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு கீழே படுத்து இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். இடது பக்கம் மூன்று முறை, வலது பக்கம் மூன்று முறை. சூடேறக் காத்திருப்பதையும் சேர்த்தால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் ஒரு நாள் மிச்சம் பிடித்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறக்கும்போதே வெண்ணந்தூர் பாப்பாத்தியக்கா வண்டியோடு நின்றிருந்தார். தறிக்காரக் குடும்பம். கணவர் பெரியசாமிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் டயாலிசிஸ். பஸ்ஸில் போய்வர அவரால் முடியவில்லை. மகளுக்குத் திருப்பூரில் வேலை. அதனால் பாப்பாத்தியக்கா நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, பழைய வெள்ளைக் கார் ஒன்றையும் வாங்கி, தானே கூட்டிப் போய்க் கூட்டி வந்துகொண்டிருந்தார். வருடக்கணக்காகத் தறி நெய்து அவருடைய வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. பவர் ஸ்டீயரிங் இருந்தால்தான் அவரால் ஓட்ட முடியும்.

"நேத்துப் பொழுதோட இருந்து திருப்பினா மாடு கத்தற மாதிரிக் கத்துதுங்க. ஊட்டு முன்னால தரையெல்லாம் எண்ணெய்."

பேனட்டைத் திறந்தேன். ஹோஸின் பம்ப் பக்கத்து முனை கசிந்து ஈரமாக இருந்தது. எண்ணெய்த் தொட்டியில் பாதிக்கு மேல் இல்லை.

"எத்தனை மணிக்கு அக்கா ஆஸ்பத்திரி?"

"பன்னெண்டு மணிக்கு மிசின்ல போடுவாங்க. நான் போய் அவரைக் கூட்டீட்டுப் போகோணும். உங்களால முடியாட்டி இப்பவே சொல்லிடுங்க, நான் வேற வண்டி புடிச்சுக்கறேன். நேரங்கெட்ட நேரத்துல சொன்னீங்கன்னா எனக்கு வண்டி கெடைக்காது."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் பாருங்கள். முடியாது என்று நான் சொல்லியிருந்தால் அந்த நாள் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லாமல் முடிந்திருக்கும். ஃபோர்மேன் வேறு ஒரு வண்டியின் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. வேலையாக நாமக்கல் போயிருந்தார். சேலத்து உதிரிபாகக் கடையில் கேட்டேன். அந்த மாடலுக்கு ஹோஸ் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா என்னை நம்பிக் காலையிலேயே வந்து நிற்கிறார், ஃபோர்மேன் இல்லாமலேயே நான் ஒரு வழி பண்ணிவிட்டேன் என்று காட்டலாம் என்று மனசுக்குள் ஒரு ஆசை.

"முடியுமுங்கக்கா. பதினொண்ணுக்குள்ள தந்தர்றேன்" என்றேன்.

ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு பைக்கில் திருச்செங்கோடு போனேன். அந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் எத்தனை என்று எண்ண முடியாது. அவற்றுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. குமரேசன் என்பவர் எனக்குப் பழக்கம். பழைய இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் புது ரப்பரைப் போட்டு, குப்பியை நசுக்கிக் கொடுத்தார். கார் ஹோஸ் அவருக்குப் பழக்கப்பட்ட வேலை இல்லை. அவர் அடிப்பதெல்லாம் கை மணிக்கட்டு பருமன் ஹோஸ்கள். இருந்தாலும் அவர் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து மாட்டி முடிக்கும்போது மணி பத்து நாற்பது. இருபது சுற்றுச் சுற்றினேன். இன்ஜினை ஓட விட்டேன். நானே உள்ளே உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஒரு தடவை ஒடித்தேன். இறங்கிக் குனிந்து தரையைப் பார்த்தேன். சொட்டு இல்லை. இன்ஜின் சூடேறவில்லை. கீழே யாரும் படுக்கவில்லை. பாப்பாத்தியக்கா மரத்தடியில் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; என்னை அவசரப்படுத்தவில்லை.

அப்போது ஃபோர்மேன் நாமக்கல்லில் இருந்து கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரிக் கடை ஹோஸா? சரி, இப்பப் பேசி ஆகறதில்லை. சூடேத்தி ஃபுல் லாக்குல கண்ணுல பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க."

வாய் தானாகச் சொன்னது. வண்டி போய்விட்டது.

பதினொன்றே காலுக்குக் குமரேசன் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"மாரியப்பண்ணா, அந்தக் கார் ஹோஸை மாட்டீட்டீங்களா?"

"மாட்டி வண்டியும் போயிருச்சு. ஏனுங்க?"

"நிறுத்துங்கண்ணா. நேத்துச் சாயங்காலம் தடி ஹோஸுக்கு வெச்ச அளவை மிசின்ல மாத்தாம உட்டுப்போட்டோம். இப்ப இன்னொரு சின்ன ஹோஸை அளந்து பார்த்தாத் தெரியுது, குப்பி லூசா இருக்குது. உங்களுக்கு அடிச்சதும் அதே அளவுதான். நேராப் போனாத் தாங்கும். ஒடிச்சா உருவிக்கும்."

பாப்பாத்தியக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார். பையில் போட்டுப் பின் இருக்கையில் வைத்துவிடுவார். அதை அவரே ஒரு முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இந்நேரம் கணவரை ஏற்றிக்கொண்டு வெண்ணந்தூரைத் தாண்டியிருப்பார்.

அந்த நேரம் பார்த்து ஃபோர்மேனின் பைக் கேட்டுக்குள் நுழைந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபுல் லாக் விஷயத்தைத் தவிர.

"எந்த ஆஸ்பத்திரின்னு தெரியுங்களா?"

"அஞ்சு ரோட்டுப் பக்கம்னு சொல்லியிருக்கறாங்க. பேரு தெரியலீங்க."

"வண்டியை எங்க நிறுத்துவாங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று உடனே புரிந்தது. ரோட்டில் பயமில்லை. பயமெல்லாம் அங்கே போய், நெருக்கத்தில், மெதுவாக உருட்டி ஒடித்து நிறுத்தும் அந்த அரை நிமிடம்தான். முப்பது கிலோமீட்டர் ஓடிப் புகைக்குழாய் நன்றாகக் காய்ந்திருக்கும். பின் இருக்கையில் சொந்தமாக எழுந்து இறங்க முடியாத மனிதர்.

"நீங்க கெளம்புங்க. அந்தப் பக்கத்துல டயாலிசிஸ் இருக்கற ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு நான் கேக்கறேன். மல்லூர்ல நின்னு எனக்குப் பேசுங்க. நிதானமாப் போங்க, நீங்க உழுந்தா யாருக்கும் உபயோகமில்லை."

நிதானமாகப் போகவில்லை. ஆண்டகளூர்கேட் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் பைக் எவ்வளவு போகுமோ அவ்வளவு விட்டேன். வெள்ளைக் கார் தெரிந்தபோதெல்லாம் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். எதிர்க்காற்றில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முன்னால் எங்காவது புகை தெரிகிறதா என்றும் ஒரு கண். ஓரிடத்தில் கறுப்பாகப் புகை எழுந்தது. பக்கத்தில் போனால் யாரோ காட்டில் சோளத்தட்டைக் கொளுத்தியிருந்தார்கள்.

மல்லூரில் நிறுத்திக் கூப்பிட்டேன்.

"நாலாவது ஆஸ்பத்திரியில பேரு இருக்குதுங்க, பெரியசாமி, வெண்ணந்தூர்" என்று ஃபோர்மேன் வழி சொன்னார். "பின்னால சந்துக்குள்ள பார்க்கிங்காம். வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வண்டியைக் கேட்டுலயே நிறுத்தச் சொல்லியிருக்கறேன். ஆஸ்பத்திரியில போனெடுத்த பிள்ளை சரின்னுச்சு. சொல்லுச்சான்னு எனக்குத் தெரியாது. நீங்க போங்க."

சேலத்துக்குள் இரண்டு சிக்னல். இரண்டாவதில் சிவப்பைப் பார்க்காமல் போனேன். அன்று யார் மேலாவது மோதியிருந்தால் அதற்கும் நான்தான் காரணம். ஆஸ்பத்திரி முன்பக்கம் கார் இல்லை. சந்துக்குள் திருப்பினேன். கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டினார்.

"பைக் முன்பக்கம் போடணும் சார்."

"வெள்ளைக் கார் வந்துச்சா? நிறுத்தச் சொல்லி உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"எந்தக் கார் சார்?"

அவருக்குப் பின்னால் பார்த்தேன். பாப்பாத்தியக்காவின் வண்டி சுவருக்கும் ஒரு தூணுக்கும் நடுவே இருந்த இடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்திருந்தார். முன்சக்கரம் முழுக்கத் திரும்பியிருப்பது எனக்குத் தெரிந்தது. பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "அக்கா, ஒடிக்காதீங்க! நிறுத்துங்க!" என்று கத்தியது எனக்கே கேட்டது. கண்ணாடி ஏற்றியிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை.

டப் என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, தண்ணீர்ப் பாட்டில் மூடி தெறிக்கிற மாதிரி. உடனே சீறல். பேனட்டின் ஓரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று வந்தது. காய்ந்த சட்டியில் எண்ணெய் கருகும் நாற்றம்.

அடுத்த நொடி இன்ஜின் நின்றது. நிறுத்தியது பாப்பாத்தியக்கா. ஸ்டீயரிங் திடீரென்று கல்லாக ஆனதும் அவர் இழுத்துப் பார்க்கவில்லை, பயந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கவும் இல்லை. சாவியைத் திருப்பிவிட்டார். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், எண்ணெய் பீய்ச்சுவதும் நிற்கும். அவருக்கு அது தெரியாது. வண்டியில் ஏதாவது புரியாவிட்டால் முதலில் சாவியைத் திருப்பு என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்ததை அப்படியே செய்தார். அன்று தீப்பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். நான் ஓடி வந்ததால் அல்ல.

ஆனால் அப்போது தீப்பிடிக்காது என்று யாருக்குத் தெரியும்? பெரியசாமி அண்ணன் பின் இருக்கையில் இடது ஓரம். அந்தப் பக்கக் கதவு தூணில் இடித்து ஒரு கை அகலம்தான் திறந்தது. வலது பக்கக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தேன். புகை உள்ளேயும் வர ஆரம்பித்திருந்தது. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். இழுப்பதற்காக அவருடைய இடது கையைப் பிடிக்கப் போனேன்.

"அந்தக் கையைப் புடிக்காதீங்க! அந்தக் கையைப் புடிக்காதீங்க!"

பாப்பாத்தியக்கா முன் இருக்கையிலிருந்து திரும்பிக் கத்தினார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து நரம்பைத் தயார் பண்ணி வைத்திருக்கும் கை அது. அதை அழுத்திவிட்டால் உயிருக்கே வழி அடைபட்ட மாதிரி. நான் கையை வெடுக்கென்று எடுத்தேன். முழங்காலை இருக்கையில் ஊன்றி, இரண்டு கையாலும் இடுப்பை வளைத்து, அணைத்தபடியே அவரை இந்தப் பக்கம் நகர்த்தினேன். கால்கள் வரவில்லை. பாப்பாத்தியக்கா இறங்கி ஓடி வந்து கால்களைத் தூக்கிக் கொடுத்தார். பெரியசாமி அண்ணன் அவ்வளவு கனமில்லை. இருந்தும் அந்த இருக்கையின் அகலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்றும் சொல்ல முடியவில்லை.

வெளியே கொண்டுவந்து சுவரோரம் உட்கார வைத்தோம். வாட்ச்மேன் தீயணைக்கும் சிலிண்டரோடு வந்து நின்றார். புகை மெல்ல மெலிந்து நின்றுபோனது. பேனட்டுக்குக் கீழே இருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றார் பெரியசாமி அண்ணன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பன்னிரண்டு பத்துக்கு அவரை மெஷினில் போட்டார்கள்.

ஃபோர்மேன் ஒரு மணிக்கு வந்தார். வரும்போதே கையில் ஹோஸ் இருந்தது. பட்டறையில் அதே மாடல் வண்டி ஒன்று இன்ஜின் வேலைக்காக ஒரு வாரமாக நின்றிருந்தது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரருடையது. அவருக்குப் போன் போட்டு, உங்கள் வண்டியின் ஹோஸைக் கழற்றி ஒரு அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவர் எடுத்துக்கோங்க என்றிருக்கிறார். அவ்வளவுதான். அந்த வண்டி காலையிலிருந்து என் கண் முன்னால்தான் நின்றது. எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் ஃபோர்மேனைக் கேட்காமல் நானே முடிக்கத்தான் பார்த்திருப்பேன்.

உருவிக்கொண்ட ஹோஸைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். குப்பிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது இன்ஜின் சூடேறி ரெண்டாவது லாக்குலயே நகர்ந்திருக்கும். கீழ படுத்துப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பார்த்தேன்னு சொன்னீங்களே."

"பார்க்கலீங்க."

"போன்ல?"

"பொய்ங்க."

அவர் ஹோஸைத் தரையில் வைத்தார். "அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. குமரேசன் பேரைச் சொல்லி முடிச்சுப்போடாதீங்க. அவரு தப்பு தெரிஞ்ச நிமிசம் கூப்பிட்டுட்டாரு" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் முடித்த எந்த வண்டியையும் என் சொல்லை வைத்து அவர் வெளியே விடவில்லை. ஒவ்வொன்றையும் தானே படுத்துப் பார்த்தார். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, காரணம் கேட்டவர்களுக்குப் பதில் கொடுக்கவும் இல்லை.

மாடிக்குப் போனேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் பாப்பாத்தியக்கா உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை.

"அக்கா, ஹோஸ் அடிச்ச எடத்துல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. ஆனா அதைப் பட்டறையிலயே நான் கண்டுபுடிச்சிருக்கலாம். அரை மணி நேரம் வெச்சுப் பார்க்கற வேலை ஒண்ணு இருக்குது. அதை நான் செய்யலை. செஞ்சதாப் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு நேரமாச்சுன்னு."

"நேரமாச்சுன்னு நான் சொன்னனா?"

"இல்லீங்கக்கா."

"காலைல வந்தவொடனே நான் என்ன சொன்னேன்?"

"முடியாட்டி இப்பவே சொல்லிடுங்க, வேற வண்டி புடிச்சுக்கறேன்னு சொன்னீங்க."

"அப்பறம்?"

அறைக்குள் ஏதோ மெஷின் மணி அடித்தது. நர்ஸ் ஒருவர் போய் நிறுத்தினார். பாப்பாத்தியக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரைச் சீட்டுல இருந்து எறக்க எனக்கு எத்தனை நேரமாகுந் தெரியுங்களா? வாரத்துக்கு ரெண்டு தடவை எறக்கறேன். நான் ஒருத்தியா இருந்தா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?" குரலை உயர்த்தவில்லை. "மேல பேச எனக்குத் தெம்பில்லை. நாலரைக்கு அவரு வெளிய வருவாரு. அதுக்குள்ள வண்டியச் சரி பண்ணி வைங்க. மயக்கத்துல இருப்பாரு, வெயில்ல நிக்க வெக்க முடியாது."

நாலரைக்கு வண்டி தயாராக இருந்தது. எண்ணெய் தெறித்த இடத்தையெல்லாம் கழுவித் துடைத்து, கோழிப்பண்ணைக்காரர் ஹோஸை மாட்டி, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வரும் வரை ஓட விட்டு, ஃபோர்மேன் உள்ளே உட்கார்ந்து ஒடிக்க, நான் ஆஸ்பத்திரித் தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்தேன். மூன்று மூன்று ஆறு. ஃபோர்மேன் இறங்கி என்னை ஒடிக்கச் சொல்லி, தானும் ஒரு ஆறு பார்த்தார்.

பாப்பாத்தியக்கா கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பேனட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். டாக்சி வைத்துத் தருகிறோம் என்று ஃபோர்மேன் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க பின்னால, அவரு பக்கத்துல உக்காருங்க."

பைக்கை ஃபோர்மேனின் பொறுப்பில் விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

சேலத்திலிருந்து வெண்ணந்தூர் வரைக்கும் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றுதான் அந்த ரோட்டில் எத்தனை வளைவு என்று தெரிந்தது. பாப்பாத்தியக்கா ஒவ்வொரு முறை ஒடிக்கும்போதும் என் காது பேனட்டுக்குள் போனது. பெரியசாமி அண்ணன் கொஞ்ச தூரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அப்புறம் தூங்கிவிட்டார். தலை சரிந்து என் தோளில் விழுந்தது. என் சட்டையெல்லாம் எண்ணெய். நான் நகரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கதவுப் பிடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிகிறது.

வெண்ணந்தூரில் அவர்கள் தெரு குறுகலானது. வீட்டோரம் வண்டியை நிறுத்த ஒரு தடவை முழுசாக ஒடித்து உள்ளே விட்டு, பின்னால் வந்து, மறுபடி முழுசாக ஒடிக்க வேண்டும். பாப்பாத்தியக்கா ஒடித்தார். பின்னால் வந்தார். மறுபடி ஒடித்துப் பிடித்தார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"எறங்கிப் பாருங்க."

பெரியசாமி அண்ணன் தலையை மெல்ல இருக்கையில் சாய்த்துவிட்டு இறங்கித் தெருவில் படுத்தேன். தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். டார்ச் அடித்து இரண்டு முனையையும் பார்த்தேன்.

"காஞ்சிருக்குதுங்கக்கா."

இன்ஜினை நிறுத்தினார். என் உதவி இல்லாமல் கணவரை அவரே இறக்கினார். முதலில் ஒரு கால், பிறகு இன்னொன்று. ஊசி போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்து, இடுப்பைப் பிடித்து, உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"எங்க பார்த்தீங்கன்னு எனக்குக் காட்டுங்க" என்றார்.

முழங்காலை மண்ணில் ஊன்றினார். வலது தோள் ஒத்துழைக்காததால் இடது கையைத் தரையில் வைத்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்தார். நான் பக்கத்தில் படுத்து டார்ச் அடித்து, இது பம்ப் பக்கம், இது பெட்டிப் பக்கம், ஈரம் வந்தால் முதலில் இந்தக் குப்பியோரம்தான் வரும் என்று சொன்னேன். அவர் நான் பார்த்ததை விட அதிக நேரம் பார்த்தார். அவர் போதும் என்று சொல்லும் வரை நான் வெளிச்சத்தை அசைக்கவில்லை.

எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"திங்கக்கெழம ஹோஸ் வந்ததும் கூப்புடுங்க. செவ்வாக்கெழம போறதுக்கு முந்தி மாத்தோணும், நான் கூட நிக்கறேன். இப்பப் போங்க, ராசிபுரம் பஸ்ஸு வர்ற நேரந்தான்."